ஓட்டமும் நிறுத்தமும்



பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அதன் தொடக்கமும் முடிவுமே ஆகும். கொடி அசைகின்றது; வீரர்கள் பாய்கின்றனர்; எல்லைக்கோட்டில் கூட்டம் ஆரவாரிக்கின்றது; வென்றவன் கழுத்தில் மாலை விழுகின்றது. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பந்தயத்தை விபத்தின் காரணமாக நடுவழியில் நிறுத்த நேர்ந்தால் அதை எவ்வாறு நிறுத்துவது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வினாவுக்குத் தெளிவான விடை காண மிதிவண்டிப் பந்தய உலகிற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றையும், அதனோடு நம் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரம் நமக்குக் கற்பிக்கும் பாடங்களையும் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

இஃது எங்கோ தொலைவில் உள்ளோரின் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மாணவ மாணவியர்க்கு மிதிவண்டிப் போட்டி நடத்தி வருகின்றது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் வகுத்து, 10 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓட்டச் செய்கின்றனர். உங்களிற் சிலர் அதிற் கலந்துகொண்டிருப்பீர்கள். பலர் தெருவோரம் நின்று கைதட்டியிருப்பீர்கள்.

அத்தகைய போட்டி ஒன்றைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். முன்னே செல்பவன் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும், பின்னே வருபவன் 20 கிலோமீட்டர் வேகத்திலும் ஓட்டுவதாகக் கொள்வோம். அரை மணி நேரத்தில் முன்னவன் 15 கிலோமீட்டர் சென்றிருப்பான். பின்னவன் 10 கிலோமீட்டர்தான் சென்றிருப்பான். இருவருக்கும் இடையே 5 கிலோமீட்டர் இடைவெளி! அந்த நீண்ட சாலையில் ஓரிடத்தில் ஒரு சிறுவன் விழுந்தால், முன்னே சென்றோர்க்கும் தெரியாது. பின்னே வருவோர்க்கும் தெரியாது. மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 8 மீட்டருக்கும் சற்று மிகுதி. விழுந்தவனை 25 மீட்டர் தொலைவில்தான் காண முடிகின்றது என்றால், பின்னே வருபவனுக்குக் கிடைப்பது மூன்றே நொடிகள். ஆகவே, பந்தயத்தை நிறுத்துவது என்பது ஒருவர் கையை உயர்த்தி 'நில்லுங்கள்' என்று கூவுவதால் முடிந்துவிடும் செயல் அன்று. விபத்தைக் காண்பவர் யார்? நிறுத்துமாறு ஆணையிடுபவர் யார்? அந்த ஆணை எல்லாருக்கும் எட்டும் வழி யாது? நிறுத்திய பின் பந்தயத்தை என் செய்வது? இந்த நான்கு வினாக்களுக்கும் பந்தயம் தொடங்கும் முன்பே விடை வகுத்திருத்தல் வேண்டும்.

இந்த உண்மையை நம் முன்னோர் தேர்த் திருவிழாவில் நன்குணர்ந்திருந்தனர். ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் திருவிழாவுக்கு 'விருப்பன் திருநாள்' என்று பெயர். விஜயநகர மரபினராகிய விருப்பண்ண உடையார் பெயரால் 1383-ஆம் ஆண்டில் அது ஏற்படுத்தப்பெற்றது என்பர். அத்திருவிழாவில் தேர் சித்திரை வீதிகளை வலம் வருகின்றது. வடம் பிடித்து இழுப்போர் முன்னே செல்கின்றனர். சக்கரமோ அவர்கள் முதுகுக்குப் பின்னே உருளுகின்றது. சக்கரத்தின் அருகே என்ன நேர்கின்றது என்பதை இழுப்பவர் அறியார். ஆதலின், சக்கரத்தை ஒட்டியே முட்டுக்கட்டையுடன் தொழில் தெரிந்தோர் நடந்து வருகின்றனர். தேரை வீதி முனையில் திருப்புவதும், மிஞ்சும் வேகத்தைக் குறைப்பதும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அவர்கள் கைத்திறமே. நம் பேச்சு வழக்கிலோ 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது பழிச்சொல்லாகிவிட்டது! நற்செயலைத் தடுப்பவனை அப்படிச் சொல்கின்றோம். ஆனால், தேரடியில் நிற்பவர்க்குத் தெரியும், முட்டுக்கட்டை இல்லாத தேரைக் கிளப்புவார் எவரும் இலர் என்பது. வடத்தைத் தொடும் முன்பே நிறுத்துவோர் தத்தம் இடத்தில் நிற்கின்றனர் என்பதைக் கருத்தில் வையுங்கள்.

நிறுத்தும் வழி இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. 1849-ஆம் ஆண்டில் மலைக்கோட்டையின் உச்சிப் பிள்ளையாரை வழிபடப் பெருங்கூட்டம் திரண்டிருந்தபோது திடீரெனப் பீதி பரவியது. அதனால் விளைந்த நெரிசலில் சுமார் 250 பேர் மாண்டனர். மலையேறும் படிகள் 400-க்கும் மேற்பட்டவை. வழியோ பாறைக்குள் குடைந்து செல்லும் குறுகிய வழி. இத்தகைய இடங்களில் நெரிசலின் இயல்பு ஒன்றே. முன்னே விழுந்தவரைப் பின்னே வருபவர் காணார். காணாமையால் மேலும் நெருக்குவர். அவர்களிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை. செய்தி அவர்களை எட்டவில்லை, அவ்வளவே. நெருங்கிச் செல்லும் மிதிவண்டிக் கூட்டத்திலும் இதே இயல்பைக் காணலாம். முதலில் விழுபவன் ஒருவனே. அவன்மேல் வந்து விழுவோர் பலர்.

இனி மிதிவண்டிப் பந்தயத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1868-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பாரிசு நகரை அடுத்த செயின்ட் குளூ பூங்காவில் நடந்தவையே முதற் பந்தயங்களுள் புகழ்பெற்றவை. அடுத்த ஆண்டிலேயே பாரிசிலிருந்து ருவான் நகர் வரை நெடுந்தூரப் பந்தயம் நடைபெற்றது. 1900-ஆம் ஆண்டில் உலக மிதிவண்டிச் சங்கம் தோன்றியது. 1903-இல், இன்றும் உலகம் வியந்து நோக்கும் 'டூர் த பிரான்ஸ்' என்னும் பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயம் தொடங்கிற்று.

அந்நாளில் பந்தயத்தின் தத்துவம் வேறாக இருந்தது. வீரன் தன் இடரைத் தானே தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறர் உதவி பெறுதல் குற்றம். 1913-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் யூஜீன் கிறிஸ்டோஃப் என்னும் வீரரின் வண்டியின் முன்கவை, பிரனீசு மலையில் முறிந்துவிட்டது. அவர் வண்டியைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் கொல்லன் உலையைக் கண்டு, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து அதைச் செப்பனிட்டார். எனினும் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? ஒரு சிறுவன் அவருக்காகத் துருத்தி ஊதினானாம்! அந்த வீரரின் உறுதியை நாம் போற்றுவோம். ஆயினும், துருத்தி ஊதுவதையே குற்றமாகக் கருதிய அக்காலத்தில், வீழ்ந்த ஒருவனுக்காகப் பந்தயத்தையே நிறுத்தலாம் என்னும் எண்ணத்திற்கு இடம் இருந்திருக்குமோ?

அந்த எண்ணம் மெல்ல மெல்லவே வளர்ந்தது. உயிர்களை விலையாகக் கொடுத்தே வளர்ந்தது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், அதே பிரான்சுப் பந்தயத்தில் ஃபாபியோ காசார்டெல்லி என்னும் இத்தாலிய வீரர் மலைச்சரிவில் இறங்கும்போது விழுந்து உயிர் நீத்தார். அவர் 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர். அன்றைய பந்தயம் நிற்கவில்லை. எல்லைக்கோடு வரை நடந்தது. ஒருவர் வெற்றியும் பெற்றார். மறுநாள்தான் வீரர் அனைவரும் போட்டியிடாமல் ஒன்றாக மெதுவாக ஓட்டிச் சென்று, மறைந்தவருக்கு அஞ்சலி செலுத்தினர். 2003-ஆம் ஆண்டு மார்ச்சில் கஸகஸ்தான் நாட்டு வீரர் ஆந்திரே கிவிலெவ் தலைக்கவசமின்றி விழுந்து மாண்டார். அவ்வாண்டிலேயே உலகச் சங்கம் தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தனி ஒருவரின் தலையைக் காக்க விதி வந்துவிட்டது. பந்தயத்தையே நிறுத்திக் கூட்டத்தைக் காக்கும் வழக்கம் வேரூன்ற மேலும் பல ஆண்டுகள் சென்றன.

2015-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பிரான்சுப் பந்தயம் பெல்ஜிய நாட்டுச் சாலையில் சென்றுகொண்டிருந்தது. பலர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தனர். பந்தய இயக்குநர் தம் வண்டியை மெதுவாக்கி, எஞ்சிய வீரர்களைத் தம் பின்னே அடக்கிக் கொண்டுவந்து, பின்னர் நிறுத்தினார். அவர் கூறிய காரணம் நம் சிந்தனைக்கு உரியது. உடன் வந்த மருத்துவரும் ஆம்புலன்சுகளும் விழுந்தவர்களைக் கவனிப்பதில் ஈடுபட்டுவிட்டமையால், மேலும் ஒருவர் விழுந்தால் காப்பதற்கு ஆள் இல்லை என்பதே அது. சிறிது நேரங்கழித்து மருத்துவ வண்டிகள் வந்து சேர்ந்தன; பந்தயமும் தொடர்ந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், 'தோஃபினே' என்னும் மற்றொரு பிரெஞ்சுப் பந்தயத்தில், மழையில் நனைந்த சரிவில் பெருங்கூட்டம் சறுக்கி விழுந்தது. எல்லைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இருந்தது. அங்கும் ஆம்புலன்சுகள் யாவும் பயன்பட்டுவிட்டன. அன்றைய பந்தயம் வெற்றியாளர் இன்றியே முடிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. விழுந்தவனுக்கு எவ்வளவு காயம் என்பது மட்டும் அளவன்று. இன்னும் விழாதவர்களுக்குப் பாதுகாப்பு எஞ்சியிருக்கின்றதா என்பதே அளவு. ஒரே ஒரு ஆம்புலன்சு வைத்திருக்கும் பந்தயத்தில் அந்த வண்டி மருத்துவமனைக்குப் புறப்பட்ட கணத்திலேயே பந்தயம் நின்றாக வேண்டும். வேறொன்று வந்து சேரும் வரை அது மீண்டும் தொடங்கலாகாது.

ஆனால், விபத்து நேர்ந்தது என்பதே தெரியாவிட்டால்? 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் உலகப் போட்டி நடந்தது. இளையோர் பிரிவில் அந்நாட்டின் 18 வயது வீராங்கனை மியூரியல் ஃபூரர், மழை பெய்துகொண்டிருந்த வேளையில், காட்டுப் பாதையின் சரிவில் சாலையை விட்டு விலகி விழுந்தார். அவர் விழுந்தது நெடுநேரம் எவருக்கும் தெரியவில்லை. பின்னர்க் கண்டெடுக்கப்பட்டு ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் மறுநாள் உயிர் துறந்தார். செல்வமும் கருவிகளும் நிறைந்த நாடு. உலகமே நோக்கும் போட்டி. ஆனால் அந்த ஒரு வளைவில் பார்க்கும் கண் இல்லை. இந்நிகழ்ச்சிக்குப் பின், 2025-ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் நடந்த உலகப் போட்டியில், ஒவ்வொருவர் இருக்கும் இடத்தையும் செயற்கைக்கோள் வழியாக அறிவிக்கும் சிறு கருவி வீரர் அனைவரது வண்டியிலும் பொருத்தப்பட்டது. நம் ஊர்ப் போட்டிக்கு அத்தகைய கருவி வாய்க்காமற் போகலாம். ஆனால் எண்ணிப் பார்ப்பதற்குக் கருவி வேண்டுவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவரை நிறுத்தி, கடந்து செல்வோரின் எண்களைக் குறிக்கச் செய்தால், முதல் திருப்பத்தைக் கடந்தவன் இரண்டாவதற்கு வரவில்லை என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அடுத்து, கண்டவர் யாரிடம் சொல்வது? யார் நிறுத்துவது? இவ்விடத்தில் இருப்புப்பாதையை நாம் ஆசானாகக் கொள்ளலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்பொழுதில், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த அரியலூருக்கு அருகே, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சிதைந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி அதில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலம் சிதைந்துவிட்டது என்னும் செய்தி, வண்டி வந்து சேர்வதற்கு முன் ஓட்டுநரை எட்டாமற் போனதே அக்கொடுமையின் உட்பொருள்.

வண்டிக்கு முன்னே செய்தியை அனுப்பும் முறை இருப்புப்பாதை விதிகளில் இருக்கின்றது. பாதையில் தடையைக் காணும் ஊழியர், மேலதிகாரியின் அனுமதிக்காகக் காத்திருத்தல் கூடாது. சிவப்புக் கொடியோ விளக்கோ காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். அகலப் பாதையாயின், தடையிலிருந்து 600 மீட்டர் தொலைவில் ஒரு வெடியும், 1200 மீட்டர் தொலைவில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தின்மேல் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். இருளாயினும் மழையாயினும் ஓட்டுநர் அந்த ஒலியைக் கேட்டு நிறுத்துவார். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். எச்சரிக்கை தடையின் அருகில் இல்லை. வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் முழுவதும் தள்ளி முன்னே நிற்கின்றது. மிதிவண்டி வீரனுக்கும் அப்படியே. விழுந்தவன் அருகில் நின்று கொடி அசைப்பதாற் பயனில்லை. வளைவுக்கு முன்னே, வருவோர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று அசைத்தல் வேண்டும்.

மோட்டார்ப் பந்தயத்தார் இதனை இரண்டு கொடிகளால் ஒழுங்குபடுத்தியுள்ளனர். மஞ்சட்கொடி கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்துதல் கூடாது. அதனை அந்தந்த இடத்துக் காவலரே காட்டுவர். சிவப்புக் கொடி கண்டால் பந்தயமே நின்றது என்று பொருள். அதற்குரிய ஆணை தலைமை அதிகாரியிடமிருந்து வரும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் கார்ப் பந்தயத்திலும், ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. இரு முறையும் உடனே சிவப்புக் கொடி காட்டப்பட்டது. அன்றைய எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. கொடி அவ்வுயிர்களை மீட்கவில்லை. ஆனால் அடுத்த வண்டி அங்கே மோதாமற் காத்தது.

நிறுத்தும் அதிகாரம் கையில் இருந்தும் அதிகாரிகள் சில வேளை தயங்குவது ஏன்? மனித இயல்பே காரணம். 'முன்னே செல்பவன் பாடுபட்டுச் சேர்த்த இடைவெளி வீணாகுமே! பரிசளிக்க வந்தோர் காத்திருப்பரே! கூட்டம் கூச்சலிடுமே!' என்றெல்லாம் மனம் அஞ்சுகின்றது. இந்த அச்சத்தைப் போக்கவே உலக மிதிவண்டிச் சங்கம் விதி வகுத்துள்ளது. பந்தயத்தின் ஒழுங்கான நடைக்கு ஊறு செய்யும் விபத்து நேர்ந்தால், பந்தய இயக்குநர் நடுவர் குழுவின் இசைவைப் பெற்று, நேரங்காப்போர்க்கும் அறிவித்து, வழியை மாற்றலாம்; போட்டியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம்; அன்றைய பந்தயம் நடவாததாகவே கொள்ளலாம்; அல்லது விபத்தின்போது இருந்த கால இடைவெளிகளைக் கணக்கிற்கொண்டு மீண்டும் தொடங்கலாம். இதனால், முன்னே சென்றவன் தன் உழைப்பை இழப்பதில்லை. தொடர்வதற்கு நியாயமான முறை எழுத்தில் இருந்தால், நிறுத்துபவரின் கை நடுங்காது. நிறுத்தும் விதியும் தொடரும் விதியும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள் அல்லவா?

முடிவாக, திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்று அதே வழியில் திரும்பும் ஒரு பள்ளிப் போட்டியை நீங்களே நடத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாலத்தின்மேல் விபத்து நேர்ந்தால் ஆம்புலன்சு நுழைய வேறு பக்கவழி இல்லை. ஆகவே பாலத்தின் இரு கரையிலும் வண்டி ஒவ்வொன்று நிற்க வேண்டும். போவோரும் வருவோரும் எதிரெதிரே செல்வதால், இரு திசையையும் ஒருங்கே நிறுத்த வேண்டும். முன்னே ஒரு வண்டியும், பின்னே கடைசி மாணவனைப் பின்தொடர்ந்து ஒரு வண்டியும் செல்ல வேண்டும். நிறுத்தும் ஆணை ஒருவரிடமே இருக்க வேண்டும். அவருக்கும் திருப்பந்தோறும் நிற்போர்க்கும் இடையே தொலைபேசித் தொடர்பு வேண்டும். நீண்ட ஊதல் ஒலியும் சிவப்புக் கொடியும் சேர்ந்து வந்தால் நின்றுவிட வேண்டும் என்பதைப் புறப்படும் முன் மாணவர் அனைவரையும் கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. ஒருமுறை நிறுத்தியும் காட்ட வேண்டும். நின்ற பின் வண்டியை ஓரமாகத் தள்ளி, நடுச்சாலையைக் காலியாக விட வேண்டும். பிறகு தலைகளை எண்ணி, வழி வெறுமையானது என்று உறுதி செய்து, ஆம்புலன்சு மீண்ட பின்னரே அடுத்த முடிவு எடுக்கப்பெறும்.

போட்டியில் ஓடும் மாணவனுக்கும் ஒரு கடமை உண்டு. தோழன் விழக் கண்டால், பின்னே வருவோர்க்குக் கையுயர்த்திக் காட்டுங்கள்; அடுத்த திருப்பத்தில் நிற்பவரிடம் அவன் எண்ணையும் இடத்தையும் உரக்கச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அதனாற் கழியும் நேரம் மூன்று அல்லது நான்கு நொடிகளே. அந்நொடிகளால் ஒரு பரிசு தவறக்கூடும். பரிசு அடுத்த ஆண்டும் வரும். உங்கள் பள்ளியில் இனி ஒரு போட்டிக்கு அறிவிப்புப் பலகை எழுதும்போது, புறப்படும் நேரத்தையும் பரிசுத் தொகையையும் எழுதுமுன், நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.